உஃபா ஃபாக்ஸ்

உஃபா ஃபாக்ஸ் (ஜனவரி 15, 1898 - அக்டோபர் 26, 1972) ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளரும், படகு கட்டுநரும், பாய்மரப் படகோட்டியும், நூலாசிரியரும் ஆவார். காற்றின் விசையால் மட்டுமே ஓடும் ஒரு சிறு படகு, நீரைப் பிளந்து செல்வதோடு நில்லாமல் அதன் மேல் எழுந்து சறுக்கியும் செல்ல முடியும் என்பதை 1928 ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் இவர். இரண்டாம் உலகப் போரின்போது, வானூர்தியிலிருந்து வான்குடை மூலம் கடலில் இறக்கப்படும் உயிர்காப்புப் படகை வடிவமைத்தார். டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகுகள் முதலில் மரப்பலகையிலும், பின்னர் ஒட்டிய மரத்தகட்டிலும், இறுதியில் கண்ணாடியிழையிலும் செய்யப்பட்டன. இந்த மூன்று காலகட்டங்களிலும் இவரது வரைபடங்கள் பயன்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் விற்பனையான டே செய்லர் என்ற கண்ணாடியிழைப் படகின் உடல் வடிவம் இவருடையதே.

இளமையும் தொழிற்பயிற்சியும்

ஃபாக்ஸ் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில் பிறந்து, அத்தீவின் கிழக்குக் கவ்ஸ் நகரில் வளர்ந்தார். மெடினா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இந்நகர் அமைந்துள்ளது. ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கவ்ஸ், செல்வந்தர்களின் உல்லாசப் படகுப் போட்டிகளுக்குப் பெயர் பெற்றது. ஃபாக்சின் குடும்பமோ கைத்தொழிலாளர் குடும்பம். அவரது தந்தை கிழக்கு ஆங்கிலியாப் பகுதியைச் சேர்ந்தவர். அப்பகுதியை முற்காலத்தில் ஆண்ட வுஃபா என்ற மன்னனின் பெயரே மகனுக்கு வைக்கப்பட்டது. பிற்காலத்தில் தாம் ஓட்டிய கெனோ ஒன்றுக்கு ஃபாக்ஸ் கிழக்கு ஆங்கிலியன் எனப் பொருள்படும் பெயரை இட்டதற்கு இதுவே காரணம்.

சிறுவயதிலேயே சாண்டர்ஸ் படகுத் தளத்தில் ஏழாண்டுத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார். அவரது பிற்கால வேலைகள் அனைத்துக்கும் இங்கு கற்றவையே அடிப்படையாயின எனலாம். இத்தளத்தில் கொன்சூட்டா என்ற முறை கையாளப்பட்டது. மெல்லிய மகோகனி மரத்தகடுகளைப் பல அடுக்குகளாக வைத்து, செப்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து, இலேசான ஆனால் உறுதியான ஓடு ஒன்றை உருவாக்குவதே அம்முறை. விரைவுப் படகுகளும், நீரில் இறங்கும் வானூர்திகளின் உடல்களும் இவ்வாறு செய்யப்பட்டன. 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்ற மேப்பிள் லீஃப் 4 என்ற இயந்திரப் படகும் இத்தளத்தில் கட்டப்பட்டதே. மிகுந்த குதிரைத்திறன் கொண்ட அப்படகு வேகம் கூடியதும் நீரின் மேல் எழுந்து ஓடியது. மரத்தை இலேசாக்கும் வித்தையையும், நீர்மேல் சறுக்கும் காட்சியையும் ஒரே கூரையின் கீழ் கண்ட பயிலுநர் ஒருவர் பின்னாளில் இவ்விரண்டையும் இணைத்ததில் வியப்பில்லை. முதல் உலகப் போரின்போது ஃபாக்ஸ் அரச கடற்படை வானூர்திப் பிரிவில் பணியாற்றினார்.

கடற்பயணங்கள்

இளம் வயதில் ஃபாக்ஸ் அடக்கத்துக்கோ எச்சரிக்கைக்கோ பெயர் பெற்றவர் அல்லர். கடல் சாரணர்களுக்குத் தலைவராக இருந்தபோது, மேல்தளமற்ற திறந்த படகு ஒன்றில் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் சேன் ஆற்றுக்குள் சென்றார். பெற்றோர்களோ பிள்ளைகள் அருகில் எங்கோ முகாமிட்டிருப்பதாக நினைத்திருந்தனர். எல்லோரும் நலமாகத் திரும்பியபோதிலும், சாரணர் தலைவர் பதவி அவரிடம் நிலைக்கவில்லை.

1920 ஆம் ஆண்டில் வில்லியம் நட்டிங் என்ற அமெரிக்கரின் டைஃபூன் என்ற சிறு பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து கவ்ஸ் வந்து சேர்ந்தது. அது திரும்பிச் சென்றபோது ஃபாக்சும் மாலுமியாக உடன் சென்றார். எசுப்பானியா, அசோர்ஸ் தீவுகள் வழியாகச் சென்ற அப்பயணத்தில், அமெரிக்கக் கரையை நெருங்கும் வேளையில் கடும் புயலில் சிக்கிக் கப்பல் ஏறக்குறைய கவிழ்ந்தே விட்டது. 1930 இல் தாமே வடிவமைத்த விஜிலன்ட் என்ற மெலிந்து நீண்ட பாய்ப்படகில் வட கடலைக் கடந்து சுவீடன் சென்று போட்டிகளில் கலந்துகொண்டு திரும்பினார். தாம் வரைந்ததைத் தாமே கட்டி, கட்டியதைத் தாமே கடலில் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். வரைபலகையோடு நின்றுவிட்ட வடிவமைப்பாளர்களிடமிருந்து இவர் வேறுபடுவது இங்குதான்.

மெடினா ஆற்றில் ஓடி ஓய்வுபெற்ற தோணிப்பாலம் ஒன்றை விலைக்கு வாங்கித் தமது வீடாகவும் பட்டறையாகவும் வைத்துக்கொண்டார். வண்டிகளை ஏற்றிச் செல்வதற்கான அகன்ற தளம் படகு கட்டும் இடமாயிற்று.

அவெஞ்சர்

பிரித்தானியாவில் 14 அடி நீளமுள்ள டிங்கிகளுக்கான தேசிய விதிகள் 1923 இல் வகுக்கப்பட்டன. 1927 இல் இவ்வகை பன்னாட்டுத் தகுதி பெற்றது. வேல்ஸ் இளவரசர் கோப்பைக்கான போட்டியும் அவ்வாண்டே தொடங்கியது. நீளம், பாய்ப்பரப்பு முதலியவற்றுக்கு வரம்பு இருந்ததே தவிர, படகின் உடல் வடிவத்தை வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம். ஃபாக்ஸ் ஏரியல், ரேடியன்ட் போன்ற படகுகளில் தம் எண்ணங்களைச் சோதித்துப் பார்த்த பின்னர், 1928 இல் அவெஞ்சர் என்ற படகைக் கட்டினார்.

அவெஞ்சரின் சிறப்பை அறிய, சாதாரணப் படகின் வேகத்துக்கு உள்ள எல்லையை முதலில் அறிதல் வேண்டும். நீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகின்றது. வேகம் கூடக் கூட இவ்விரு அலைமுகடுகளுக்கும் இடையிலான தூரமும் கூடுகின்றது. அத்தூரம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே எழுப்பிய அலைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் வேகம் பெற வேண்டுமானால் முன்னலையின் மீது ஏற வேண்டும். நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இவ்வெல்லை கடல்மைல் கணக்கில் கிடைக்கும். 14 அடிப் படகுக்கு இது மணிக்கு ஏறத்தாழ 5 கடல்மைல். கனத்த படகு எவ்வளவு பெரிய பாயை விரித்தாலும் இதனைத் தாண்டுவது கடினம்.

ஃபாக்ஸ் இத்தடையை வடிவத்தால் கடந்தார். அவெஞ்சரின் முன்பகுதியின் குறுக்குவெட்டு ஆழமான V வடிவில் அமைந்து, பின்னோக்கிச் செல்லச் செல்லப் படிப்படியாகத் தட்டையாயிற்று. கூரிய முன்பகுதி அலையை வெட்டியது. அகன்று தட்டையான பின்பகுதியின் அடியில் விரைந்தோடும் நீர், படகை மேல்நோக்கி உந்தியது. போதிய காற்று இருந்து, படகோட்டிகள் தம் உடலைப் படகின் விளிம்புக்கு வெளியே சாய்த்து அதனைச் சரியாமல் நிறுத்தினால், படகு முன்னலையின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். அதன் பிறகு மேற்கூறிய எல்லை அதனைக் கட்டுப்படுத்துவதில்லை. இதற்கு இரண்டாவது நிபந்தனையும் உண்டு: படகு இலேசாக இருக்க வேண்டும். சாண்டர்ஸ் தளத்தில் கற்ற வித்தை இங்கு கைகொடுத்தது. எடையைப் படகின் முதற்பகைவனாகவே ஃபாக்ஸ் வாழ்நாள் முழுவதும் கருதினார்.

அவ்வாண்டு அவெஞ்சர் 57 போட்டிகளில் கலந்துகொண்டு 52 இல் முதலிடம் பெற்றது. எஞ்சியவற்றில் இரண்டு இரண்டாம் இடங்கள், மூன்று மூன்றாம் இடங்கள். வேல்ஸ் இளவரசர் கோப்பையும் அதற்கே கிடைத்தது. போட்டிப் படகு என்றால் மென்மையானது, கடலுக்கு ஆகாதது என்று கூறியவர்களுக்கு விடை அளிப்பது போல, இரு துணைவர்களுடன் அதே திறந்த படகில் கால்வாயைக் கடந்து பிரான்சின் லெ ஆவர் சென்று, அங்கு போட்டியிட்டுவிட்டு அதே படகில் திரும்பினார். அதற்கு முன்பும் சில படகுகள் எப்போதாவது நீர்மேல் சறுக்கியதுண்டு. எனவே சறுக்கும் பாய்ப்படகைக் கண்டுபிடித்தவர் என இவரைக் கூறுவது சற்று மிகையே. ஆனால் அதனை வேண்டும்போதெல்லாம் நிகழ்த்தக்கூடிய படகை வரைந்து, வென்று, பிறர் பின்பற்றும்படி செய்தவர் இவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

1933 இல் ரோஜர் டி குவின்சி என்பவருடன் அமெரிக்கா சென்ற ஃபாக்ஸ், பாய்மரக் கெனோப் போட்டிகளில் கலந்துகொண்டார். பிரித்தானிய, அமெரிக்க விதிகள் இரண்டுக்கும் பொருந்தும் வகையில் அவர் வடிவமைத்த கெனோக்களில் சென்ற இருவரும் நியூயார்க் கெனோ கழகத்தின் பன்னாட்டுக் கோப்பையை வென்று வந்தனர். 1934 முதல் ஆண்டுக்கொன்றாகப் படகுக் கலை பற்றிய ஐந்து பெரிய நூல்களை வெளியிட்டார். தமது படகுகளை மட்டுமன்றிப் பிற வடிவமைப்பாளர்களின் படகுகளையும் வரைபடங்களுடன் அந்நூல்களில் விளக்கியிருப்பது அவரது பரந்த மனத்துக்குச் சான்று.

வானிலிருந்து இறங்கிய படகு

இரண்டாம் உலகப் போரில், சேதமடைந்த குண்டுவீச்சு வானூர்திகள் பல வட கடலிலும் கால்வாயிலும் வீழ்ந்தன. அவற்றின் வீரர்கள் இரப்பர் மிதவைகளில் ஏறித் தப்பினாலும், மீட்புக் கப்பல் வருவதற்குள் குளிரால் இறந்தனர். அல்லது காற்றாலும் நீரோட்டத்தாலும் எதிரியின் கரைக்கு அடித்துச் செல்லப்பட்டனர். மிதவையால் மிதக்க முடியுமே தவிர ஓட முடியாது. வீரர்கள் தாமே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக்கூடிய உண்மையான படகு ஒன்றை வானிலிருந்து அவர்களுக்குப் போட வேண்டும் என்பதே ஃபாக்சின் திட்டம்.

இது எளிதான கணக்கு அன்று. படகு வானூர்தியின் அடிவயிற்றோடு பொருந்தி, பறத்தலைக் கெடுக்காத வடிவில் இருக்க வேண்டும். வான்குடைகளில் தொங்கியபடி நீரில் மோதும்போது உடையக்கூடாது. கவிழ்ந்தால் தானே நிமிர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படகையே பார்த்திராத, காயமுற்ற, குளிரில் விறைத்த ஒருவர் அதனை ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 1700 இறாத்தல் (770 கிலோகிராம்) எடையுடைய மரப்படகை ஃபாக்ஸ் வடிவமைத்தார். அதில் 4 குதிரைத்திறன் கொண்ட இரு இயந்திரங்களும், எரிபொருள் தீர்ந்தால் பயன்படுத்தப் பாய்மரமும் பாய்களும், உணவும் உடையும் வைக்கப்பட்டன. பாய் ஓட்டுவது எப்படி என்று தொடக்கத்திலிருந்து சொல்லித்தரும் கையேடு ஒன்றும் உடன் இருந்தது. படகு நீரைத் தொட்டதும் வான்குடைகள் கழன்றுவிடும். நீரில் தத்தளிப்போர் பற்றிக்கொள்ளக் கயிறுகளை ஏவுகணைகள் வீசும்.

1943 தொடக்கத்தில் லாக்ஹீட் ஹட்சன் வானூர்திகள் இப்படகைச் சுமக்கத் தொடங்கின. அவ்வாண்டு மே மாதத்தில் வட கடலில் வீழ்ந்த ஹாலிஃபாக்ஸ் வானூர்தி ஒன்றின் வீரர்கள் இதன் மூலம் முதன்முதலில் காப்பாற்றப்பட்டனர். பின்னர் வார்விக் வானூர்திகளுக்கு ஏற்ற பெரிய வடிவமும் உருவாக்கப்பட்டது. இப்படகுக்கும் போட்டிக்கும் தொடர்பில்லை. இருந்தும் பலர் அவரது முதன்மையான படைப்பாக இதனையே மதிப்பிடுவர்.

வெப்ப வார்ப்பும் பலருக்கான படகும்

போருக்கு முன்னர் நல்ல டிங்கி ஒன்று விலை உயர்ந்த பொருள். திறமைமிக்க தச்சர்கள் ஒவ்வொரு பலகையாக வளைத்துப் பொருத்திக் கட்டியதே காரணம். போர்க்கால வானூர்தித் தொழில் புதிய வழியைத் திறந்துவிட்டிருந்தது. மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு ஓர் அச்சின் மேல் குறுக்கு நெடுக்காக அடுக்கி, காற்றுப்புகாத உறையால் மூடி, பெரிய அழுத்தக் கொப்பரையில் வைத்துச் சூடேற்றினால், விலாக்கட்டைகளே தேவைப்படாத ஒரே துண்டான ஓடு குறுகிய நேரத்தில் கிடைக்கும். ஹாம்பிளில் இயங்கிய ஃபேரி மரைன் நிறுவனம் 1946 முதல் ஃபாக்ஸ் வடிவமைத்த 12 அடி ஃபயர்ஃபிளை படகை இம்முறையில் தயாரித்தது. ஒரே அச்சில் வந்ததால் எல்லாப் படகுகளும் ஒன்றுபோல் இருந்தன. வெற்றி ஓட்டுபவரின் திறமையைப் பொறுத்ததாயிற்று. 1948 ஒலிம்பிக்கின் தனியாள் பாய்மரப் போட்டி டார்க்கேயில் ஃபயர்ஃபிளை படகுகளில் நடந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த இருபது வயது பால் எல்வ்ஸ்ட்ரோம் தமது நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களில் முதலாவதை அங்குதான் வென்றார்.

15 அடி சுவார்ட்ஃபிஷ், அதிலிருந்து வளர்ந்த அல்பகோர், 18 அடி ஜாலிபோட் ஆகியனவும் ஃபேரி மரைனிலிருந்து வந்தன. 1947 இல் ஃபாக்ஸ் வரைந்த ஃபிளையிங் ஃபிப்டீன் அடியில் நிலையான இரும்பு எடை கொண்டதாயினும் டிங்கி போலச் சறுக்கக்கூடியது. அவ்வகைப் படகு ஒன்று 1949 இல் கவ்ஸ் மக்களால் இளவரசி எலிசபெத்துக்கும் இளவரசர் பிலிப்புக்கும் அன்பளிப்பாக வழங்கப்பட்டது. கவ்ஸ்லிப் எனப் பெயரிடப்பட்ட அதில் பிலிப்பும் ஃபாக்சும் பல ஆண்டுகள் சேர்ந்து போட்டியிட்டனர். தச்சர் பட்டறையிலிருந்து வந்த ஒருவர் அரச குடும்பத்தின் நெருங்கிய நண்பரானது அக்கால ஆங்கிலச் சமூகத்தில் எளிதில் நிகழக்கூடியதன்று. பணம் மட்டும் அவரிடம் ஒருபோதும் தங்கவில்லை.

கண்ணாடியிழையும் டே செய்லரும்

1950களில் கண்ணாடியிழை படகுத் தொழிலுக்குள் வந்தது. இம்முறையில் அச்சு வெளிப்புறமாக அமையும். குழிந்த அச்சின் உட்புறத்தில் மெருகூட்டிய நிறப்பூச்சு பூசப்பட்டு, அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்கள் பரப்பப்பட்டு, பாலியெஸ்டர் பிசினால் நனைக்கப்படும். பிசின் இறுகியதும் பளபளப்பான புறப்பரப்புடன் படகின் உடல் அச்சிலிருந்து பிரிந்து வரும். கொப்பரையோ உயர் அழுத்தமோ தேவையில்லை. தேர்ந்த தச்சரும் தேவையில்லை. பலகையால் கட்டுபவருக்கு உருண்ட வளைவுகள் தட்டையான பக்கங்களைவிடச் செலவு மிக்கவை. அச்சு ஒருமுறை செய்யப்பட்டுவிட்டால் கண்ணாடியிழைக்கு இரண்டும் ஒன்றே. ஃபாக்சின் நுட்பமான வளைவுகள் இவ்வாறு மலிவாயின.

குறைகளும் உண்டு. கண்ணாடியிழை மரத்தைப் போல மிதப்பதில்லை. ஆகவே காற்றறைகளோ நுரைப்பொருளோ உள்ளே வைக்கப்பட வேண்டும். மெல்லியதாக இட்டால் வளையும். வளையாதபடி தடிப்பாக இட்டால் எடை கூடும்.

அமெரிக்கப் பாய்மர வீரர் ஜார்ஜ் ஓடே 1950களின் இறுதியில் குடும்பத்தினர் உலாச் செல்லவும், வார இறுதியில் போட்டியிடவும் ஏற்ற ஒரு படகை விரும்பினார். அதற்காக ஃபாக்ஸ் சறுக்கக்கூடிய உடலை வரைந்தார். முன்புறத்தில் பொருள்களை வைக்கவும் சாரலுக்கு ஒதுங்கவும் சிறு அறை ஒன்றைச் சேர்த்தவர் ஓடே எனக் கூறப்படுகிறது. டே செய்லர் எனப் பெயர் பெற்ற இப்படகின் நீளம் 16.75 அடி, அகலம் 6.25 அடி. முதன்மைப் பாயும் முன்பாயும் சேர்ந்து 145 சதுர அடி. நடுப்பலகையை உயர்த்திவிட்டால் 7 அங்குல ஆழமுள்ள நீரிலும் மிதக்கும். எனவே மணற்கரையில் ஏற்றி நிறுத்தலாம்; சிறு இழுவை வண்டியில் வைத்து மகிழுந்தின் பின்னால் கட்டி ஏரிக்கு ஏரி கொண்டு செல்லலாம். வடிவமைக்கப்பட்ட நாளிலிருந்து 10,000 க்கும் மேற்பட்ட படகுகள் தயாரிக்கப்பட்டுள்ளன. ஓடே நிறுவனம் நின்ற பின்னர் வேறு நிறுவனங்கள் தயாரிப்பைத் தொடர்ந்தன. ஓடே 1960 ஒலிம்பிக்கில் 5.5 மீட்டர் வகைப் போட்டியில் தங்கம் வென்றார்.

இதில் முரண் ஒன்று உண்டு. டே செய்லரின் எடை ஏறத்தாழ 575 இறாத்தல் (260 கிலோகிராம்). ஃபயர்ஃபிளையின் உடலோ 75 கிலோகிராமுக்கும் குறைவு. நீளத்தில் உள்ள வேறுபாட்டைக் கருதினாலும், எடையைப் பகைவனாகக் கருதியவரின் பெயர் தாங்கிய படகுக்கு இது கனமே. எனினும் அந்த எடைதான் குழந்தைகளுடன் ஏறும் குடும்பத்துக்கு நிதானத்தையும், கரையில் உரசினாலும் தாங்கும் உறுதியையும் அளித்தது. நல்ல காற்றில், பக்கவாட்டிலோ பின்னிருந்தோ வீசும்போது, அது இன்னும் சறுக்கவே செய்கிறது. காற்று குறைந்தால் மற்றப் படகுகளைப் போல அமைதியாக நீரைத் தள்ளிச் செல்கிறது. ஃபிளையிங் ஃபிப்டீன், அல்பகோர், ஃபயர்ஃபிளை ஆகிய மரப்படகுகளும் காலப்போக்கில் கண்ணாடியிழைக்கு மாறின.

இறுதிக் காலம்

ஃபாக்ஸ் 1959 இல் பிரித்தானியப் பேரரசின் சிபிஇ விருது பெற்றார். மும்முறை மணம் புரிந்தவர். மூன்றாம் மனைவி இவோன் பிரெஞ்சுப் பெண்மணி. கவ்ஸ் நீர்முகத்தில் இருந்த அவரது வீடு விருந்தினர்களாலும் கடற்பாடல்களாலும் நிறைந்திருந்தது.

முதுமையிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1969 இல் ஜான் ஃபேர்ஃபாக்ஸ் தனியாகத் துடுப்புப் போட்டு அத்திலாந்திக்கைக் கடந்த பிரிட்டானியா என்ற படகு ஃபாக்ஸ் வடிவமைத்தது. கனாரித் தீவுகளிலிருந்து புளோரிடா வரை 180 நாட்கள் நீடித்த அப்பயணத்துக்கு, கவிழ்ந்தாலும் தானே நிமிரும் உடல் தேவைப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன்னர் வானூர்தி வீரர்களுக்காகத் தீர்த்த அதே சிக்கல். ஃபேர்ஃபாக்சும் சில்வியா குக்கும் 1971 இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்ட பிரிட்டானியா 2 படகும் இவருடையதே. 1972 இல் அவர்கள் ஆஸ்திரேலியக் கரையோரத் தீவொன்றை அடைந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று தமது 74 ஆவது வயதில் ஃபாக்ஸ் காலமானார். கிழக்குக் கவ்சுக்கு அருகில், மெடினா ஆற்றை நோக்கிய விப்பிங்ஹாம் புனித மில்ட்ரெட் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.